எண்ணூறு சட்டை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நல்ல துணி என்பது பெட்டிக்குள் இருப்பது. கோயில் திருவிழாவுக்கும் பதுளை டவுனுக்குப் போவதற்கும்தான் அது வெளியே வரும். வீட்டில் கிழிந்ததைப் போட்டுக்கொள்ளலாம், நாலு பேர் முன்னால் கிழியாததைப் போட வேண்டும். இந்த ஒழுங்கை என் மாமா தலைகீழாகச் செய்தார். அதனால்தான் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது.

மாமா அம்மாவின் தம்பி. இத்தாலியில் ஒரு பணக்கார வீட்டில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு, ஹாலிஎலவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துக்கு ஒரு நீளப் பையோடு வந்து இறங்கினார். பையைத் திறந்தால் நாலு மெல்லிய வாள்கள், கம்பி வலை போட்ட முகமூடிகள், வெள்ளைச் சட்டைகள். அந்த வீட்டு மகள் வாள்வீச்சு பழகிப் பாதியில் விட்டவளாம். அவளைப் பயிற்சிக்குக் கூட்டிப் போய் வந்தது மாமாவின் வேலை. காத்திருந்த நேரத்தில் பார்த்துப் பார்த்து அவரும் கற்றுக்கொண்டாராம். இதற்குப் பெயர் பென்சிங் என்றார். மாமா முள்கம்பி வேலி அடிக்கும் கான்ட்ராக்ட் எடுத்து வந்திருக்கிறார் என்று லயத்து வீடுகளில் கொஞ்ச நாள் பேச்சு ஓடியது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அக்காவுக்குப் பதினைந்து. எங்கள் இருவருக்கும் கற்றுத் தருவதாக மாமா சொன்னார். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் அம்மாவுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆள் இருக்காது. தொட்டில்களை விட்டத்தோடு சுருட்டிக் கட்டிவிட்டு, அவற்றுக்குக் கீழே வாள் பழகினோம்.

சட்டைகளில் இரண்டு வகை இருந்தது. ஒன்றின் உள்ளே 350 என்று எழுதியிருந்தது, மற்றதில் 800. எவ்வளவு பலமான குத்தைத் துணி தாங்கும் என்பதற்கான கணக்கு அது. முந்நூற்றைம்பது எங்கள் பள்ளிக்கூட யூனிபோர்மைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். எண்ணூறு அப்படியில்லை. கையை மடக்கவே மல்லுக்கட்ட வேண்டும். அதற்குள்ளே மார்புக்கு ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கவசம் வேறு. அந்த விலை கூடிய எண்ணூறைத்தான் மாமா ஞாயிறுதோறும் எங்களுக்கு மாட்டிவிட்டார். போட்டி என்று வந்தால் முந்நூற்றைம்பது போதும் என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"அடி படுறது இங்கதான் பாப்பா. போட்டியில நாலஞ்சு குத்து. இங்க நாள் பூரா குத்து வாங்குற. வாளும் பழசு, எப்ப ஒடியும்னு சொல்ல முடியாது."

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சரியான பதில் வைத்திருப்பவர் ஜன்னல்களை ஏன் சாத்துகிறார்? வாள்களைக் கேட்டவருக்கெல்லாம் காட்டினார். எண்ணூறை மட்டும் பழக்கம் முடிந்ததும் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஒரு நாள் தோட்டத்து வாட்சர் எட்டிப் பார்த்து, அது என்ன சட்டை என்று கேட்டபோது, "பழைய துணி அண்ணே" என்று சொல்லிவிட்டுப் பெட்டிமேலேயே உட்கார்ந்துகொண்டார். இத்தாலிச் சாமானைப் பழைய துணி என்று சொல்லும் மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

"விக்கத்தான் போறாரு" என்றாள் அக்கா.

"விக்கிறதுன்னா நம்மளப் போட்டு வேர்க்க வைப்பாரா?"

"அது நம்மள நம்ப வைக்க."

அதற்குப் பிறகு நான் மாமாவைக் கவனிக்கத் தொடங்கினேன். அவர் பதுளைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பேன். எடை குறையவில்லை. அதனால் சந்தேகமும் குறையவில்லை.

அடுத்த வருடம் கொழும்பில், புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வந்தது. போர் மறுபடி மூண்டிருந்த காலம் அது. புறப்படும் நாளன்று மாமா இரண்டு முந்நூற்றைம்பதையும் மடித்துப் பையில் வைத்தார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டா தம்பி, கொழும்பு சனத்துக்கு முன்னால இதையா போடச் சொல்ற? நல்லத வீட்டுல வச்சுட்டு?"

"இது போதும்க்கா. அத வெளிய எடுக்க வேணாம்."

மாமா மலைத்தண்ணீர் விழும் பீலியில் குளிக்கப் போனார். அம்மா அந்த நேரத்தில் என்ன செய்தாள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட் கிடைத்தது. மாமாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் நான். இடைவழியில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்காக நாங்கள் ஒடுங்கிக்கொண்டோம். அவள் எனக்கு ஒரு தோடம்பழம் தந்தாள். ஹல்துமுல்லை தாண்டியதும் சோதனைச் சாவடி. எல்லோரும் அடையாள அட்டையோடு இறங்கி வரிசையில் நின்றோம்.

வாள்களை மாமாவே முதலில் எடுத்துக் காட்டினார். நுனியில் இருந்த ரப்பர் மொட்டை விரலால் அழுத்திக் காட்டி, விளையாட்டு என்று சிங்களத்தில் விளக்கினார். நன்றாகப் பாடமாக்கி வைத்திருந்ததுபோல் பேசினார். பெரிய அதிகாரியும் தலையாட்டினார். பிறகு ஒரு சிப்பாய் பைக்குள் கையை விட்டு, அம்மாவின் பழைய சேலையில் சுற்றிய ஒரு மூட்டையை வெளியே எடுத்தான். உள்ளே இரண்டு எண்ணூறு. இரண்டு மார்புக் கவசம்.

நல்ல சட்டையிலேயே கொழும்பில் விளையாடலாம் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாமாவைப் பார்த்தேன். அவர் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிப்பாய் கவசத்தை முஷ்டியால் தட்டினான். டொக் டொக் என்றது. சட்டையை வெயிலில் விரித்தான். துப்பாக்கிக் குண்டு தாங்கும் அங்கியா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அந்த அளவு சிங்களம் எனக்குத் தெரியும். மாமாவிடம் கேட்டார்கள். அவ்வளவு நேரம் சிங்களத்தில் சரளமாகப் பேசியவர் தமிழில் "பழைய துணி" என்றார். அவரை மண்மூட்டைகளுக்குப் பக்கம் கொண்டுபோய், கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டச் சொல்லி நிறுத்தினார்கள். இரண்டு பேர் துப்பாக்கியோடு அவருக்கு முன்னால் நின்றார்கள்.

அதிகாரி எங்களிடம் வந்தார். விளையாட்டுத்தானே, விளையாடிக் காட்டுங்கள் என்றார்.

அக்கா என் கவசத்தின் வாரைக் கட்டிவிட்டாள். "சும்மா விளையாடு. நல்லா விளையாடு" என்று மட்டும் சொன்னாள். தார் ரோட்டோரம், ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, மறுபக்கம் பஸ்ஸும் வரிசையில் நின்ற சனமும். முகமூடியைப் போட்டதும் எனக்கு மாமா, சிப்பாய் யாரும் தெரியவில்லை. அக்காவின் வாள் மட்டும்தான். பிள்ளைக்காம்பராவில் ஒரு நாள்கூட அவளை நான் ஜெயித்ததில்லை. அன்று முதல் குத்து அவள் தோளில் விழுந்தது. இரண்டாவது நெஞ்சில். மூன்றாவதும் நெஞ்சில், வாள் வில்லாக வளைந்தது. சிப்பாய்களில் ஒருவன் கைதட்டினான்.

அதிகாரி சிரித்துவிட்டார். அருகில் வந்து என் முகமூடியில் விரலால் தட்டி "ஹொந்தாய்" என்றார். நல்லது என்று அர்த்தம். மாமாவின் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு, எங்களைப் போகச் சொன்னார்.

கொழும்பில் அக்கா ஒரு சுற்று ஜெயித்தாள். நான் எல்லாவற்றிலும் தோற்றேன். எண்ணூறு இரண்டையும் மாமா அந்த மண்டபத்திலேயே ஒரு பள்ளிக்கூட மாஸ்டரிடம் சும்மா கொடுத்துவிட்டார். வீட்டில் அம்மா அழுதாள். இத்தாலிக்குப் போகும் முன்னால் மாமா கொழும்பில் ஒரு கடையில் நின்றார் என்றுதான் எங்கள் வீட்டில் தெரியும். அதில் சில மாதங்கள் அவர் கடையில் இல்லை, தடுப்புக் காவலில் இருந்தார். நடைபாதையில் வாங்கிய ஒரு மழைக்கோட்டின் பட்டாளத்துப் பச்சை நிறம் அதற்குக் காரணம். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்த பிறகு, பேச்சுவாக்கில் சொன்னார்.

அன்று சாவடியில் மறுபடி பஸ்ஸில் ஏறியபோது இதொன்றும் எனக்குத் தெரியாது. மூன்றாவது குத்தை மாமா பார்த்தாரா என்பதுதான் எனக்குக் கவலை. கேட்டேன். "பாத்தேன்" என்றார். பொய். அவர் நின்ற இடத்திலிருந்து எங்களைப் பார்த்திருக்கவே முடியாது. அக்கா தோற்றது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினேன்.

எங்கள் சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றுகொண்டாள். பின் சீட்டில் இருந்த இருவரும் எழுந்து போனார்கள். பஸ் நிறைய ஆட்கள் நின்றுகொண்டு வர, எங்களைச் சுற்றி மட்டும் சீட்டுகள் காலியாக இருந்தன. விளையாட்டு வீராங்கனைகளுக்குக் கொழும்புப் பாதையில் இப்படித்தான் மரியாதை செய்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். காலியான ஒரு ஜன்னல் சீட்டுக்கு நகர்ந்து, காலை நீட்டிக்கொண்டு, இரத்தினபுரி வரை மகாராணி மாதிரி உட்கார்ந்து போனேன்.