நான் தைத்து மூடிய சாட்சி

தையல்காரன் கண்ணில் கிழிசல் பட்டால் கை சும்மா இருக்காது. என்னைப்போல் ஊசியோடு காலம் தள்ளுகிறவர்களே, அந்தக் கை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று கேளுங்கள்.

ஏழு அங்குலம்

பென்னாகரத்தில் முப்பத்தொரு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஏரியூர் பஸ்ஸுக்காகச் சாலையோரம் நின்றிருந்தபோது, ஒரு பால் வேன் என்னை இடித்துத் தள்ளி, வலது கையின் ஓரமாக ஏறிப்போனது. மணிக்கட்டு முறிந்தது, சட்டைக் கை ஏழு அங்குலம் கிழிந்தது.

வேனை ஓட்டிய முருகேசன் எங்கள் தெருக்காரர். அவருடைய கல்யாணச் சட்டையே நான் தைத்ததுதான். ஆஸ்பத்திரிக்கு அவரே தூக்கிப்போனார். எப்படி அடிபட்டது என்று நர்ஸ் கேட்டபோது, கைகூப்பி என்னையே பார்த்தார். எனக்கும் போலீஸ் என்றால் நடுக்கம். கால் தடுக்கி விழுந்ததாகச் சொன்னேன். அதை எழுதிக்கொண்டே நர்ஸ் கேட்டார்: "ஏன் பாய், தடுக்கி விழுந்தா சட்டையில டயர் அச்சு வருமா?"

இடது கை

இனி கத்தரிக்கோல் பிடிக்க முடியுமா என்று பயந்தேன். ஆறாம் நாள் சட்டையைத் துவைக்கச் சொல்லி, இடது கையால் ஊசி பிடித்து, நாற்பத்தாறு தையலில் கிழிசலை மூடினேன். என் மனைவி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கிழிஞ்ச எடமே தெரியலீங்க!"

உள்ளூர் வக்கீல்

கட்டுப் பிரித்தும் பெருவிரல் மடங்கவில்லை. நஷ்டஈடு கேட்கலாம் என்று வக்கீல் வீட்டுப் படியில் மூன்று முறை ஏறி இறங்கி, நான்காம் முறைதான் கூப்பிட்டேன். கதையை முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அந்த வேன் நம்ம மச்சானுதுங்க பாய். உக்காருங்க, டீ குடிங்க. கேஸ் மட்டும் வேற ஆளைப் பாருங்க."

தர்மபுரி வக்கீலம்மா

ஆஸ்பத்திரிச் சீட்டோடு, இஸ்திரி போட்ட சட்டையையும் மேஜையில் வைத்தேன். வக்கீலம்மா உள்பக்கம் திருப்பினார். "இருந்த ஒரே சாட்சிய நீங்களே தச்சுட்டீங்களே!" என்று தலையில் கைவைத்தார். நஷ்டஈடு தரவேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனி, முருகேசன் அல்ல என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் வக்கீலம்மா அடுத்துச் சொன்னார்: "எதிர் வக்கீல் கேப்பாருங்க, அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யான்னு."

முருகேசன் வீடு

நான் சொல்வது உண்மை என்று சொல்ல இன்னும் ஒருவர்தான் உண்டு. என் வாசலிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு அடி. ஒவ்வோர் அடிக்கும் திரும்பிவிடலாமா என்றிருந்தது. கதவு திறந்ததும், இன்சூரன்ஸ் விஷயத்தைத் திக்கித் திக்கிச் சொன்னேன். முருகேசன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க ஸ்டேஷனுக்குப் போயிருவீங்கன்னு பயந்து, ரெண்டு மாசமா உங்க கடைப் பக்கமே வராம ஊரைச் சுத்தி வண்டி ஓட்டறேன் பாய். வாங்க, ரெண்டு பேருமே போயி நடந்ததைச் சொல்லிரலாம்."

கேஸ் நடக்கிறது, விரல் இன்னும் மடங்கவில்லை, பயமும் போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் யார் கிழிந்த சட்டையோடு கடைக்கு வந்தாலும், வக்கீல் பார்த்துவிட்டாரா என்று கேட்ட பிறகுதான் ஊசியில் நூல் கோக்கிறேன்.