பைதான் கனக்கிறது, டாக்டர்

"எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறவருக்கு என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நெஞ்சு டாக்டரின் பிழைப்பு. தொண்ணூறுகளில் கல்கத்தாவின் பெஹாலாவில், ஒரு மருந்துக்கடையின் பின்னறையில் நான் அந்தப் பிழைப்பைத் தொடங்கினேன். டாக்டர் வாசலில் காத்திருந்து பொறுமை இழந்த அன்பர்களே, மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

குல்லாய்க் காலம்

டிசம்பர் பிறந்தால் கல்கத்தாவே குரங்குக் குல்லாய்க்குள் போய்விடும். காய்ச்சலும் இருமலுமாக வந்த பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு நிமோனியாவோ என்று எனக்குச் சந்தேகம். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாக வேண்டும். சால்வையை எடுத்தால் கோட்டு, கோட்டை எடுத்தால் ஸ்வெட்டர், அதற்குள் இன்னொரு ஸ்வெட்டர். கடைசியில் பனியனைத் தூக்கப் போனபோது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேலாகவே வச்சுப் பாருங்க, டாக்டர்பாபு. கழட்டினா இவருக்குச் சளி பிடிச்சிடும்."

அண்ணன் முன்னால்

காளிகாட்டிலிருந்து வந்த தத்தா என்பவருக்கு அறுபது வயதிருக்கும். மூச்சு விட்டால் விசில் சத்தம். சிகரெட் உண்டா என்று கேட்டேன். "சேச்சே" என்றார், பக்கத்தில் இருந்த அண்ணனைப் பார்த்துக்கொண்டே. விரல் நுனியோ மஞ்சள் பூத்திருந்தது. இந்த ஊரில் பேரன் எடுத்த பிறகும் அண்ணன் முன்னால் சிகரெட்டை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மரியாதையாம். அதை நம்பி நான் வெறும் ஆஸ்துமா என்று எழுதியிருந்தால் அவர் நுரையீரல் போயிருக்கும்.

அண்ணனை வெளியே அனுப்பியதும், கல்லூரி நாளிலிருந்து தினம் ஒரு பாக்கெட் என்ற உண்மை வந்தது. சிகரெட்டை விடச் சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தேன். தம்பி அதை வாங்கக் கடைப் பக்கம் போனதும் அண்ணன் மெல்ல எட்டிப் பார்த்தார்.

"எனக்கும் ஒரு எக்ஸ்ரே எழுதிக் கொடுங்க, டாக்டர்பாபு. தம்பிக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

மூன்றாம் மாடி பால்கனி

கமலா மாமி, ரயில்வே அதிகாரியின் மனைவி. பெண்ணின் பிரசவத்துக்காக மறுநாள் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். அதற்குள் வயிற்று 'கேஸுக்கு' ஒரு மாத்திரை வாங்கிப் போகக் கணவருடன் வந்தார். நெஞ்சில் லேசாக ஒரு பிடிப்பாம், அவ்வளவுதான். ஈசிஜி எடுத்தேன். கோளாறு எதுவும் தெரியவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். மாமி கீழே இறங்கினால்தானே ஏறுவதற்கு? காய்கறி எல்லாம் பால்கனியிலிருந்து கயிற்றில் பையை இறக்கித்தான் வாங்குகிறாராம்.

"என் உடம்புக்கு ஒண்ணுமில்லே டாக்டர், அந்தக் காய்காரன்தான் சரியில்லே. ஒரு கிலோ உருளைக்கிழங்கு கேட்டா, கூடப் போட்டுக் கட்டிடறான். பாதி தூரம் இழுக்கறதுக்குள்ளே கயித்தைக் கம்பியிலே சுத்திட்டு நின்னுடறேன்."

"காய்காரன் கூடப் போட்டுக் கொடுத்து எந்த ஊர்ல பார்த்தே?" என்று கணவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிற்கும்போது அந்தப் பிடிப்பு உண்டா என்று கேட்டேன்.

"ஆமாம், தாடை வரைக்கும் வரும். கொஞ்சம் நின்னா போயிடறது."

அது கேஸ் இல்லை, இதயத்துக்கு ரத்தம் போதவில்லை. ரயிலில் ஏறக் கூடாது என்றேன். மாமி அழுதுவிட்டார். பிரசவ நேரத்தில் பெண்ணுக்கு அம்மா வேண்டாமா என்று கேட்டார். அதற்கப்புறமும் அவளுக்கு அம்மா வேண்டுமே என்றேன். எப்படியோ அந்த வார்த்தை வேலை செய்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தால் முக்கியமான ரத்தக்குழாய் ஒன்று ஏறக்குறைய அடைபட்டுக் கிடந்தது. பலூன் வைத்துத் திறந்தார்கள். பேரன் பிறந்த செய்தியை மாமி படுக்கையில் இருந்தபடி போனில் கேட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

சில மாதம் கழித்து, பேரனையும் பார்த்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்த மாமியிடம், பையை இழுக்க முடிகிறதா என்று ஆசையாகக் கேட்டேன்.

"பூவாட்டம் மேலே வரது, டாக்டர். அந்தக் காய்காரன் இப்போ எடையைக் குறைக்க ஆரம்பிச்சுட்டான்."

மாமியின் அடைப்பைக் கண்டுபிடித்துவிட்டேன், அந்தக் காய்காரரின் பெயரைக் காப்பாற்றத்தான் இதுவரை எனக்கு ஒரு வைத்தியம் தெரியவில்லை.