மின்சாரம் வராத கருவி

நானும் என் நண்பனும் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரே ஆண்டில் அப்ரண்டிஸ் முடித்தவர்கள். அவனுக்கு பர்மனன்ட் வேலையும் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸும் கிடைத்தன. நான் காண்ட்ராக்டில் கன்வேயர் பெல்ட் பராமரிப்புக்குப் போய், மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டிலேயே தங்கிவிட்டேன். இருவருக்கும் சமமாகக் கிடைத்தது இடுப்பு வலி ஒன்றுதான். அவனுக்கு டம்பர் லாரி ஓட்டி வந்தது, எனக்கு பாரம் தூக்கி வந்தது.

புதுச்சேரிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் நாள்பட்ட இடுப்பு வலியைக் குறைக்கும் முறைகளை ஆராய்வதாக அவன்தான் வந்து சொன்னான். இருவரும் சேர்ந்தோம். மூன்று பிரிவுகள் என்று டாக்டரம்மா விளக்கினார். ஒரு பிரிவுக்கு, வலிக்கும் இடத்தில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் கருவி. இன்னொன்றுக்கு அதே போன்ற கருவி, ஆனால் மின்சாரம் வராது. எது யாரிடம் இருக்கிறது என்று கடைசிவரை சொல்ல மாட்டார்கள். மூன்றாவது பிரிவுக்கு உடற்பயிற்சி மட்டும். மூடிய உறையைப் பிரித்தால் கருவியா, உடற்பயிற்சியா என்பது மட்டும் தெரியும்.

என் உறையில் உடற்பயிற்சி என்று இருந்தது. நான்கு படங்கள் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். அவனுக்குக் கருவி. திரும்பும் பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். இங்கேயும் நல்லது இவனுக்குத்தான் விழ வேண்டுமா என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். இரண்டே வாரத்தில் அவன் மூன்றுக்கு இறங்கினான். நான் ஆறில் நின்றேன். அவன் தண்ணீர் கேனைத் தோளில் வைத்து மாடி ஏறியதைப் பார்த்த அன்று, வீட்டுக்கு வந்து காரணமில்லாமல் மனைவியிடம் எரிந்து விழுந்தேன். பிறகு எனக்கும் நாலுக்கு வந்தது. அதில் சந்தோஷமே இல்லை, அவன் அப்போது இரண்டில் இருந்தான்.

ஆராய்ச்சி முடிந்ததும் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவனிடம் இருந்தது மின்சாரம் வராத கருவி.

அவன் முகம் சுருங்கிப்போனது. "அப்ப நான் இத்தினி நாளா வலின்னு நடிச்சிகினு இருந்தேன்னு ஆவுதுங்களா?"

"இல்லைங்க. உங்க வலியும் நிஜம், குறைஞ்சதும் நிஜம்" என்றார் டாக்டரம்மா. சிகிச்சை கிடைக்கிறது என்ற நம்பிக்கையே வலியைக் கொஞ்சம் குறைக்கும், அது எவ்வளவு என்று அளக்கத்தான் அந்தக் கருவி என்று பொறுமையாக விளக்கினார்.

எனக்கு வந்த குதூகலம் பேருந்து நிலையம்வரைகூட நிற்கவில்லை. நான் வியர்க்க வியர்க்கச் செய்து நாலுக்கு வந்தேன். அவன் வெறும் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டுக்கு வந்துவிட்டான். அந்தக் கொடுப்பினைகூட எனக்கு இல்லை.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்ததும் அவனுக்கு வலி திரும்பியது. டாக்டரம்மா அவனையும் பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார். கற்றுக்கொள்ளப் புதுச்சேரிக்குப் போக லீவு இல்லை என்று என் வீட்டுக்கு வந்து, என்னையே சொல்லித்தரக் கேட்டான். மூன்று பயிற்சிகளைக் காட்டினேன். எனக்கு அதிகம் பலன் தந்தது நாலாவது பயிற்சி. அதைச் சொல்லாமல் விட்டேன்.

சில வாரம் கழித்து, ஷிப்ட் பஸ் படியில் ஒரு காலை வைத்தவன் அடுத்த காலைத் தூக்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். பின்னால் இருந்தவர்கள் சீக்கிரம் ஏறச் சொல்லி அதட்டினார்கள். அன்று மாலையே அவன் குவார்ட்டர்ஸுக்குப் போனேன்.

"இன்னொண்ணு இருக்குதுபா. அத நான் சொல்லல."

"மறந்துட்டியா?"

"மறக்கல."

அவன் பாயை விரித்து, "காட்டு" என்றான். காட்டினேன். முதல் தடவையிலேயே அவன் உடம்பு என்னைவிட நன்றாக வளைந்தது. எனக்குச் சுருக்கென்றது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. வலி குறைந்திருப்பதை அவன் மனைவிதான் என் மனைவியிடம் சொல்லியிருந்தாள். கேட்டதும் நிம்மதியாக இருந்தது. முழு நிம்மதி என்று சொன்னால் பொய்.