தொட்டால் தெரியுமா

ஆபரேஷனைப் பற்றி எனக்கு விளக்கிச் சொன்னவர் என் கணவர். "பயப்படாத. வயித்துல இருந்து சதைய எடுத்து நெஞ்சுல வச்சு நிரப்பிடுவாங்க. எங்க மைன்ஸ்ல முன்னால வெட்டிகிட்டே போவோம், பின்னால நிரப்பிகிட்டே வருவோம்ல, அது மாதிரிதான்" என்றார். சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டுகிறவர் அவர். எந்தப் பேச்சை எடுத்தாலும் மைன்ஸில் கொண்டுபோய்த்தான் நிறுத்துவார். தொப்பை குறைந்தால் எனக்கும் லாபம்தானே என்று நானும் சிரித்தேன்.

புற்றுநோய்க்காக என் இடது மார்பை எடுத்து அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆரம்பத்தில் அழுது தீர்த்தேன். பிறகு பழகிவிட்டது. பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, பஞ்சு வைத்துச் சின்னத் திண்டு ஒன்று தைத்து, உள்ளாடைக்குள் செருகிக்கொண்டு மார்க்கெட்டுக்கும் கோவிலுக்கும் போய்வந்தேன். ஒரு நாள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அது நகர்ந்து கழுத்துப் பக்கம் வந்துவிட்டது. கூட வந்த பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா தன் முந்தானையை விரித்து என்னை மறைத்தார். "உள்ள தள்ளுடி, ஊரப் பாக்கணும்னு எட்டிகினு நிக்குது" என்றார். இறங்குகிற வரை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தோம். அந்த அளவுக்கு எனக்குப் பழகியிருந்தது.

அவருக்குத்தான் பழகவில்லை. நான் புடவை மாற்றினால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசுவார். நைட் ஷிஃப்ட் இல்லாத நாட்களிலும் ஹாலில் பாயை விரித்துப் படுத்தார். ரூமில் புழுக்கமாக இருக்கிறதாம். ஹாலில் மட்டும் ஊட்டிக் காற்றா வீசுகிறது? இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஃபேன்தான் சுற்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே பேச்சை ஆரம்பித்தார். சென்னையில் ஒரு டாக்டர் இருக்கிறாராம், மார்பைத் திரும்ப அமைத்துக் கொடுப்பாராம். "நாப்பத்தாறு வயசுல எனக்கு எதுக்குங்க இது? யாரு பாக்கப் போறா?" என்றேன். "உனக்காகத்தான் சொல்றேன். நீ கண்ணாடி முன்னால நின்னே எத்தனை நாளாச்சு? நான் பாக்காமயா இருக்கேன்" என்றார்.

அந்த வார்த்தையில் நான் கவிழ்ந்தேன். பார்க்காதது போல இருந்தாரே தவிர, இந்த மனிதர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று நினைத்தேன். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் அவருக்குப் பிடித்த மாதிரி முருங்கைக்காய் போட்டுக் கெட்டியாகச் சாம்பார் வைத்தேன்.

நோய் என்று தெரிந்த நாளிலிருந்து டாக்டர் பேச ஆரம்பித்தாலே என் காது அடைத்துக்கொள்ளும். அதனால் என் கணவரிடம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். "எல்லாத்தையும் நீங்களே கேட்டுக்குங்க. எனக்கு வேண்டியத மட்டும் சொல்லுங்க." அவரும் அப்படித்தான் செய்துவந்தார். கீமோவில் முடி கொட்டும் என்று சொன்னார், கொட்டியது. வாயில் புண் வரும் என்று சொன்னார், வந்தது. அவர் சொல் எதுவும் பொய்த்ததில்லை.

இந்த முறை நான் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்பினேன். கேட்கவே கூச்சமாக இருந்தது. சென்னை ஆஸ்பத்திரியில், டாக்டர் அறைக்கு வெளியே, அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னேன். "தொட்டா தெரியுமான்னு மட்டும் கேட்டுகிட்டு வாங்க." உருவம் எப்படி இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். திண்டு உருவத்தைக் கொடுத்துவிடும். வயிற்றைக் கிழித்துக்கொள்வதானால் அது என் உடம்பாக இருக்க வேண்டும், தொட்டால் எனக்குத் தெரிய வேண்டும்.

வெளியே வந்தவர், "தெரியும்னுட்டார். கொஞ்ச நாள் ஆகுமாம், அவ்வளவுதான்" என்றார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, "சார் எல்லாத்தையும் சொல்லிட்டாராம்மா?" என்று டாக்டர் கேட்டார். "சொல்லிட்டாருங்க" என்று தலையை ஆட்டினேன்.

ஆபரேஷன் முடிந்து வந்த நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இடுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தையல். நிமிர முடியாமல் கூன் போட்டு நடந்தேன். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால்தான் படுக்க முடியும். நீர் வடியும் குழாய்களும் பைகளும் நைட்டிக்குள் தொங்கின. அதையெல்லாம் அவர்தான் முகம் சுளிக்காமல் கொட்டி, கழுவி, அளவு பார்த்தார். லீவு போட்டுக் கஞ்சி வைத்தார். என் கை மேலே தூக்க வராது என்பதால் முளைத்து வந்திருந்த முடியை அவரே வாரிக் கிளிப் போட்டார். அந்தக் கிளிப் ஒரு நாளும் நேராக நின்றதில்லை. அவரைப் போல ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று நான் பெருமைப்பட்டது அந்த நாட்களில்தான். அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா சுறாப்புட்டு செய்து எடுத்து வந்தார். "இது புள்ள பெத்தவளுக்குக் குடுக்கறதாச்சே அக்கா, பால் சுரக்க" என்றேன். "இதுவும் புதுசா வந்ததுதான, துன்னு" என்றார். தையல் பிடித்து இழுக்க இழுக்கச் சிரித்தேன்.

குளிக்க அனுமதி கிடைத்த அன்று தோளில் தண்ணீரை ஊற்றினேன். தோளில் வெதுவெதுப்பு தெரிந்தது. கழுத்தெலும்புக்குக் கீழே வந்ததும் தண்ணீர் எங்கே போனதென்றே தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிகிறது, வழிகிறது, உடம்புக்குத் தெரியவில்லை. அவரிடம் சொன்னேன். "புண்ணு ஆறட்டும், வந்துடும்" என்றார். அதிலிருந்து தினமும் குளியலறையில் விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பது என் வேலையாகிவிட்டது. ஓரத்தில் ஒரு நாள் லேசாகக் கூசியது போல இருந்தது. ஓடிவந்து சொன்னேன். "பாத்தியா, நான்தான் சொன்னேன்ல" என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சில மாதங்கள் கழித்துத் தோள் இறுகிக்கொண்டது. சுவரில் விரலை ஏற்றி ஏற்றிப் பழகியும் கை பாதிக்கு மேல் போகவில்லை. "வெந்நி பைய வச்சிகினு செத்த படுத்துப் பாரு, ரெண்டு நாள்ல வுட்டுடும்" என்றார் அக்கா. தோள் வலிக்கு ஒத்தடம் கொடுக்காத வீடு உண்டா? வெந்நீரை ஊற்றி, பையைத் தோளில் வைத்துக்கொண்டு மதியம் படுத்தேன். சுகமாக இருந்தது. தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது பை சரிந்து நெஞ்சின் மேல் கிடந்தது. நைட்டி ஈரமாக இருந்தது. பை ஒழுகியிருக்கிறது என்று நினைத்துத்தான் விலக்கிப் பார்த்தேன். புது மார்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கொப்பளித்து உடைந்திருந்தது. துளி வலி இல்லை. ஆபரேஷன் பிரிந்துகொண்டுவிட்டது, நோய் திரும்பிவிட்டது, எல்லாம் போயிற்று என்று வாசலுக்கு ஓடினேன். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்தவர், சாப்பிடக்கூட உட்காராமல் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பக்கத்து பிளாக்கில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனார்.

சின்ன வயது லேடி டாக்டர். பார்த்ததும் கேட்டார். "ஒத்தடம் குடுத்தீங்களா? அங்க சூடே படக்கூடாதும்மா. உணர்ச்சி இருக்காதே. ஆபரேஷனுக்கு முன்னாலயே சொல்லியிருப்பாங்களே?"

"வந்துடும்னு சொன்னாங்க" என்றேன்.

"ஓரத்துல கொஞ்சம் வரலாம். பழையபடி வராதும்மா. உங்க சார்கிட்ட விளக்கமா சொல்லியிருப்பாங்க."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மூலையில் கிடந்த எடை பார்க்கும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள் நான். அந்த முகத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன். "டாக்டர் உங்ககிட்ட சொன்னாரா, இல்லையா?"

"சொன்னார்."

"என்கிட்ட ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"சொல்லியிருந்தா நீ ஒத்துகிட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்" என்றார். திருடினேன் என்று ஒப்புக்கொள்கிற குரலாக இல்லை. கணக்கு சரியாக வந்தவர் குரலாக இருந்தது. பிறகு கொஞ்சம் இறங்கி, "வேண்டியத மட்டும் சொல்லுங்கன்னு நீதான சொன்ன" என்றார்.

"எனக்கு வேண்டியதே அது ஒண்ணுதாங்க" என்று கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். "வெட்டறதுக்கு முன்னால மண்ணுகிட்ட போய்க் கேக்க வேணாம். என்கிட்ட கேட்டிருக்கணும்ல? நல்லா இருந்த வயித்தக் கிழிச்சுகிட்டேனே, யாருக்காக?"

"எனக்குப் பாக்க முடியலடி" என்றார். உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். "பாக்கும்போதெல்லாம் நீ செத்துடுவன்னே தோணுச்சு."

அவர் அழுதது பொய்யில்லை. அவர் பயமும் பொய்யில்லை. எனக்கு அது ஆறுதலாக இல்லை. நோய் என் உடம்பில் புகுந்தபோது யாரையும் குறை சொல்ல முடியவில்லை. இதை என்னிடம் செய்தது கஞ்சி வைத்துக் கொடுத்த கை. என் காதாக நான் வைத்துக்கொண்ட ஆள். இனி யார் எதைச் சொன்னாலும் நானேதான் போய்க் கேட்க வேண்டும், கேட்டதையும் இன்னொரு முறை கேட்க வேண்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகு இதை ஆரம்பிப்பது பெரிய அலுப்பு.

அதன் பிறகு அவர் ஹாலில் படுப்பதில்லை. காம்பு அமைக்க இன்னொரு சின்ன ஆபரேஷன் பாக்கி இருக்கிறது என்று தயங்கித் தயங்கி ஒரு முறை சொன்னார். "போதும்" என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

கொப்பளம் ஆறித் தழும்பானதும் தினமும் களிம்பு தடவச் சொல்லியிருந்தார்கள். என் தோள் இன்னும் இளகாததால் அவரே தடவுகிறார். நான் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நேற்றுக் காலையும் அப்படித்தான். வெளியே மாமர இலைகளில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருந்தது. செடிகளுக்குத் தண்ணீர் விட்டீர்களா என்று கேட்டேன், விட்டேன் என்றார். வாசலில் காய்கறிக்காரர் குரல் வந்து, அடுத்த தெருவுக்கும் போய்விட்டது.

"போட்டாச்சா?" என்று கேட்டேன்.

குனிந்து பார்த்தேன். அவர் உள்ளங்கை முழுவதும் அங்கே பதிந்திருந்தது. கண்ணை மூடியிருந்தார். எவ்வளவு நேரமாக வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எடுக்கச் சொல்லவும் தோன்றவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.