நீள்கூர்நுனி போன இடம்

என் மாமியார் தன் நிழலையே திரும்பித் திரும்பிப் பார்க்கிற ஆள். வீட்டைப் பூட்டினால் பூட்டைப் பிடித்துத் தொங்கிவிட்டுத்தான் படி இறங்குவார். அவருடைய நகவெட்டி ஒருநாள் காணாமல் போனபோது, "நான் யாரையும் சொல்லல. ஆனா நகவெட்டிக்குக் கால் முளைக்காதுல்ல?" என்று என் விரல்களைப் பார்த்தபடியே சொன்னார். பெற்ற மகன் எடுத்திருக்க மாட்டான், செத்துப்போன கணவர் எடுத்திருக்க முடியாது, மிச்சம் நான்தானே. எனக்கு வந்த ஆத்திரத்தில், இனி நகமே வெட்டுவதில்லை என்று வளர்க்க ஆரம்பித்தேன்.

அவருக்குத் தாவரக் காப்பகத்தில் வேலை. காடுமேடெல்லாம் அலைந்து கொண்டுவருகிற இலை, பூக்களை அழுத்திக் காயவைத்து, கெட்டித் தாளில் வைத்து, மேலே மெல்லிய காகிதப் பட்டைகளை ஒட்டி நிறுத்துவார். அப்படி நிறுத்திய தாள்களை இரும்பு அலமாரியில் அடுக்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்.

அந்த வருடம் ஒரே மாதிரி இரண்டு மரங்களின் இலைகள் கட்டுக்கட்டாக வந்தன. ஒன்றின் இலை சாதாரணமாக முடியும். மற்றது குறுகிக் குறுகிப் போய், முடியப் போகிறது என்று நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் நீண்டு, ஊசியாக நிற்கும். அதற்கு நீள்கூர்நுனி என்று பெயர். இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்த நுனியை விட்டால் வேறு வழியில்லை. என் மாமியாரின் சந்தேகமும் அதே வடிவம்தான். ஊரையெல்லாம் வளைத்து அகலமாகத் தொடங்கும், குறுகிக் குறுகிக் கடைசியில் ஒரே ஆள் மேல் போய்க் குத்தும்.

அலமாரிக்குள் வைத்த இலைகளில் நுனி மட்டும் காணாமல் போகத் தொடங்கியதும், அந்தச் சந்தேகம் அவருக்கு உதவியாகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் மேல் குத்தியது. அவள் சம்பளத்தில்தான் அவள் அப்பாவின் மருத்துவம் நடந்தது, தம்பியின் படிப்பு நடந்தது. அதையெல்லாம் சொல்லி நான் வாதாடினேன்.

"கஷ்டப்படுறவதான் என் எடத்துக்கு வர ஆசைப்படுவா. நான் ஒட்டுனது எல்லாம் மொட்டையாப் போனா யாருக்கு லாபம்? நீயே சொல்லு."

"அவகிட்ட சாவி இல்லையே அத்தை?"

"அதுதான் எனக்கும் சந்தேகமா இருக்கு."

ஒரு மாலை, காப்பக வாசலில் காவலாளியும் மற்றவர்களும் பார்க்க, அவள் பையை மேசைமேல் கொட்டச் சொன்னார். சீப்பு, சாப்பாட்டு டப்பா, மாத்திரைச் சீட்டு. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார்: "கத்தரி இல்ல, நகவெட்டி இல்ல, ஒண்ணுமே இல்ல. எவ்வளவு கெட்டிக்காரி பாரு!" இல்லாததையே சாட்சியாக்குகிறவரிடம் யார் என்ன பேசுவது? மறுநாள் அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணை இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவள் போன பிறகும் நுனிகள் போயின.

மாமியாருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சாவியை நான் அச்செடுத்தேனா என்றுகூடக் கேட்டார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தாள்களின் முன்னால் உட்கார்ந்தார். பழைய தாள்களில் நுனிகள் பத்திரமாக இருந்தன. போனதெல்லாம் இந்த வருடம் அவர் ஒட்டியவை. நீள நுனி ஒடிந்துவிடுமே என்று பயந்து, அதன் அடியில் மட்டும் ஒரு பொட்டு மாவுப்பசை வைத்திருந்தார். அந்தப் பெண் பார்த்துக் கற்றுக்கொண்டுவிடுவாளோ என்று அதை யாருக்கும் தெரியாமல் செய்திருந்தார். ஒரு தாளைத் தூக்கியபோது அடியிலிருந்து புத்தகப் பூச்சி ஒன்று ஓடியது. அது பசையைத் தின்றிருக்கிறது, பசையோடு சேர்த்து நுனியையும்.

அன்று வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு ஆயிடுச்சு. அந்தப் பொண்ணு முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்று அழுதார். அவர் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அப்போதும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அதிகாரியிடம் அவரே போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்தப் பெண்ணைத் திரும்ப அழைத்தார்கள். அவள் வருகிற அன்று, "நீயும் கூட வா" என்று என் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். வாசலில் அதே காவலாளி, அதே மேசை. வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். மாமியார் தன் பையைத் தோளிலிருந்து கழற்றி அவள் முன்னால் வைத்தார்.

"பாரும்மா. எல்லார் முன்னாடியும் பாரு."

"வேண்டாம்மா."

"பாக்கணும். இல்லன்னா நான் உள்ள வரமாட்டேன்."

அவள் வேறு வழியில்லாமல் பைக்குள் கையை விட்டாள். கண்ணாடிக் கூடு, கைக்குட்டை, குடை. கிழிந்த உள்துணிக்குள் விரல் எதிலோ தட்டியது. பாதி வெளியே வந்ததும் நான் பார்த்துவிட்டேன். அந்த நகவெட்டி! மாமியாரும் பார்த்தார். முகம் வெளுத்துப்போய் அப்படியே நின்றார். அன்று அவள் பையில் இவர் தேடியதே கத்தரியோ நகவெட்டியோதான், இப்போது அது இவர் பையிலேயே. அந்தப் பெண் வாயைத் திறந்திருந்தால் போதும், அத்தனை பேர் முன்னாலும் அவர் மானம் போயிருக்கும். நானே கத்தியிருப்பேன். தொண்டைவரை வந்தது.

அவள் அதை வந்த வழியே உள்ளே தள்ளிப் பையை மூடினாள்.

"என்னம்மா இருக்கு?" என்றார் காவலாளி.

"ஒண்ணும் இல்லண்ணே. குடைதான். வாங்கம்மா, வேலை கிடக்கு."

மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படிக்கு வந்து நகவெட்டியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "ரொம்ப வளந்துருக்கு. வெட்டிக்கோ" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.