நட்சத்திரம் போட்ட அறைகள்

நேர்சிங் ஹோமில் வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டு முதுகு வேண்டும், ஒன்று ஆட்களைத் தூக்க, மற்றது பேச்சு வாங்க. இந்த வேலையில் இருந்தவர்களே, இருப்பவர்களே, உங்கள் முதுகைத் தடவிக்கொண்டு வாசியுங்கள். இந்த வெள்ளைக்கார நாட்டில், கிரான்பர்ன் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நானும் ஆறு வருடம் இருந்தேன். இப்போது இல்லை.

சீனி இல்லாத தேநீர்

காலையில் யாரை யார் குளிப்பாட்டுவது என்று ஊழியர் அறைச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். போன வருடம் புது மனேஜர் வந்த பிறகு, சில அறை எண்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் முளைத்தது. அந்த அறைகள் எனக்கு விழவில்லை. என்னோடு வேலை செய்த மன்னார் ஸ்டெல்லா அக்காவுக்கும் விழவில்லை. தூக்கு இயந்திரம் தேவைப்படும் பாரமான ஆட்கள் எல்லாம் எங்களுக்குத்தான். எங்கள் குடும்பத்தில் அரைவாசிப் பேருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. அதனால் நட்சத்திரம் என்றால் சீனி வருத்தம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். உணவுப் பட்டியலைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. தேநீர் வண்டி தள்ளுவது என் பொறுப்பு. மூன்று மாதம் அந்த அறைகளுக்குச் சீனி போடாமலே கொடுத்தேன். பாவங்கள், ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள்.

ஏழாம் அறைக்குப் புதிதாக வந்த டொரத்தி மட்டும் குடிக்கவில்லை. எண்பத்தெட்டு வயது, ஒரு காலத்தில் பாடசாலை பஸ் ஓட்டியவர். கோப்பையைத் திருப்பி நீட்டி, தனக்கு மூன்று கரண்டி சீனி வேண்டும், தனக்கு ஒரு வருத்தமும் கிடையாது என்றார். நான் தலைமைத் தாதியிடம் போய் விசாரித்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அது சீனிக்கு இல்லை. கறுத்த கைகள் தங்கள் அம்மா அப்பாவைத் தொடக் கூடாது என்று கேட்ட குடும்பங்களின் அறைகள் அவை."

காயம் எங்கே?

இதை முறைப்பாடு செய்ய எந்தப் படிவம் என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பழக்கமானது யாராவது விழுந்தால் நிரப்பும் விபத்துப் படிவம் ஒன்றுதான். அதையே எடுத்து, நடந்ததை எழுதி, நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு மனித உருவம் வரைந்திருக்கும், காயம் பட்ட இடத்துக்கு வட்டம் போட வேண்டும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இரண்டு கைகளுக்கும் வட்டம் போட்டேன். அதுவரைக்கும் வராத அழுகை அப்போது வந்தது.

ஸ்டெல்லா அக்காவிடமும் கையெழுத்துக் கேட்டேன். அவருக்கு விசா இன்னும் முடிவாகவில்லை. பேனையை எடுத்தார், பிறகு வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் அது இறங்கிவிட்டது. "பிள்ளை, கையெழுத்து வைக்கப் பயமாக் கிடக்கு. ஆனா ஆரும் வந்து என்னட்டைக் கேட்டா, நீர் எழுதினது முழுக்க உண்மை எண்டு சொல்லுவன்."

பிஸ்கட் தட்டு

யாரும் வந்து கேட்கவில்லை. நான் படிவம் கொடுத்த பதினோராம் நாள் மனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, பிஸ்கட் தட்டை நீட்டினார். ஆறு வருடத்தில் எந்த மனேஜரும் எனக்கு பிஸ்கட் நீட்டியதில்லை, அப்போதே விளங்கியிருக்க வேண்டும். நான் நிரந்தர ஊழியர் இல்லை, ஆள் தேவையென்றால் கூப்பிடுவார்கள். இனிமேல் கூப்பிடப் போவதில்லை என்றார். சட்டையில் குத்தியிருந்த பெயர்த் தகட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, என்ன பிழை செய்தேன் என்று கேட்டேன். அவருக்கும் கண் கொஞ்சம் சிவந்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். "உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் படிவம் வந்த பிறகு இங்கே எல்லாருக்கும் சங்கடமாக இருக்கிறது."

ஒரு தொலைபேசி அழைப்பு

நடந்ததை எல்லாம் இல்லத்தை நடத்தும் நிறுவனத்தின் மேலிடத்துக்கு எழுதிப் போட்டேன். இரண்டு கிழமை கழித்து ஸ்டெல்லா அக்கா தொலைபேசியில் அழைத்தார். ஏழாம் அறை டொரத்தி ஒவ்வொரு நாளும் என்னை விசாரிப்பதாகச் சொன்னார். பட்டியல் என்ன மாதிரி என்று கேட்டேன். மறுபக்கத்தில் ஒரு பெருமூச்சு. "நட்சத்திரத்தை எடுத்துப் போட்டினம் பிள்ளை. இப்ப அதிலை ஒரு புள்ளி வைக்கினம்."

பார்வையாளர் புத்தகம்

அடுத்த வியாழக்கிழமை டொரத்தியைப் பார்க்கப் போனேன். வாசலில் இருந்த புத்தகத்தில் பெயர் எழுதி, என்ன உறவு என்ற இடத்தில் சிநேகிதி என்று போட்டேன். ஒருவரும் தடுக்கவில்லை. நட்சத்திரமும் புள்ளியும் ஊழியர்களுக்குத்தான், பார்க்க வருகிறவர்கள் எந்த அறைக்கும் போகலாம். டொரத்தியின் தலைமுடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. வாரிவிடட்டுமா என்று கேட்டேன். சீப்பை எடுத்துத் தந்தார். எத்தனையோ நாள் கோப்பையை மட்டும் நீட்டிவிட்டு வந்த அறையில், அன்றைக்குத்தான் அவர் தலையில் கை வைத்தேன். பஞ்சு மாதிரி முடி.

வேலைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். எனக்கு மறைக்கத் தெரியவில்லை, சொல்லிவிட்டேன். நட்சத்திரம் கேட்டது டொரத்தியின் மகன், டொரத்திக்கு அது அதுவரை தெரியாது. கேட்டதும் சீப்போடு சேர்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இனி உன்னை இங்கேயிருந்து யாராலும் வேலையை விட்டு நிறுத்த முடியாது. அடுத்த வியாழனும் வா. எனக்கு மூன்று கரண்டி சீனி, மறக்காதே."

சம்பளத்துக்குத் தொடக் கூடாது என்ற தலையை இப்போது சும்மா வாரிவிட்டு வருகிறேன், மேலிடத்திலிருந்து பதில்தான் இன்னும் வரவில்லை.