கருத்தரங்கு நாளில் உடும்பு

எங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனைப் பிரிவில் அவளுக்கு உடும்பு என்று பெயர். வைத்தவர்கள் மாணவர்கள். பிடித்தால் விடமாட்டாள். வகுப்புக்கு டிமிக்கி கொடுப்பவனை கேன்டீன் வரிசையிலேயே போய்ப் பிடிப்பாள். போனை எடுக்காதவளுக்கு அம்மா மூலம் தூது போகும். பக்கத்து மேஜைக்காரனான எனக்கு அது பெரிய தலைவலி. என்னையும் அப்படி வேலை செய்யச் சொல்லிவிட்டால்?

அந்த வருஷம் மாணவர் வழிகாட்டல் கருத்தரங்கில் அவளும் ஒரு சிறப்புப் பேச்சாளர். அரங்கம் காலியாக இருக்கும் நாளாகப் பார்த்து இயக்குநர் தேதி குறித்தார். அது ஏன் காலியாக இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. மாணவர்கள் பாடம் மாற்றிக்கொள்ள அன்றுதான் கடைசி நாள். அதற்கு எங்கள் கையெழுத்து வேண்டும். அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகு உடும்பு போய்ச் சொன்னாள். "ஒரு நாள்தானேம்மா, சமாளிச்சுக்கலாம்" என்றார் இயக்குநர். மாடியில் எங்கள் அறைக் கதவுகளில் 'கருத்தரங்கில் இருக்கிறோம்' என்று ஒட்டிவிட்டு அரங்கில் போய் உட்கார்ந்தோம். எங்களைப் போல் புத்திசாலிகள் உண்டா!

உடும்பிடம் ஆலோசனைக்கு வருபவர்களில் ஒரு நர்ஸ் அக்கா உண்டு. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கிறவர். புள்ளியியலில் இரண்டு முறை பெயில். மறுபடி பெயிலானால் படிப்பை விட்டே அனுப்பிவிடுவார்கள். வேறு பாடத்துக்கு மாற உடும்பின் கையெழுத்தும் வேண்டும், இயக்குநருடையதும் வேண்டும். டியூட்டி முடித்து அன்றுதான் அவரால் வர முடிந்தது.

மேடையில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், மாணவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நேரம் முடிந்து மணியடித்தும் அவர் காதில் விழவில்லை. சீருடையோடு வாசலில் நின்ற நர்ஸை, பேட்ஜ் இல்லை என்று தடுத்தார்கள். உடும்பு மேடையிலிருந்து இறங்கிப் போனாள்.

"மாடிக்குப் போங்கக்கா, இதோ வர்றேன்."

இயக்குநர் பின்னாலேயே ஓடினார். "எங்கேம்மா போறீங்க? அடுத்தது நீங்கதான்."

"நீங்களும் கையெழுத்துப் போடணும் சார்."

"எல்லாம் முடியட்டும்."

"முடியறப்போ பதிவு ஆபீஸை பூட்டிடுவாங்க."

"இவ்வளவு பேர் உக்காந்திருக்காங்களேம்மா!"

அவள் பேரைக் கூப்பிட்டார்கள். விறுவிறுவென்று மேடை ஏறி மைக்கைப் பிடித்தாள்.

"மாணவர்களைத் தேடிப் போறதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. பாடம் மாத்த இன்னிக்குத்தான் கடைசி நாள். மாடியில நம்ம கதவு முன்னாடி நிக்கிறாங்க. நான் போறேன். நீங்களும் வாங்க."

மைக்கை வைத்துவிட்டு நடந்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதுதான் டீ வேறு வந்துகொண்டிருந்தது. எழுந்தேன். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

மாடி வராந்தாவில் கால் வைக்க இடமில்லை. படிக்கட்டு வரை உட்கார்ந்திருந்தார்கள். பூட்டைத் திறந்து ஆளுக்கொரு மேஜையில் உட்கார்ந்தோம். கடைசியாக இயக்குநர் வந்தார். முகம் உர்ரென்று இருந்தது. பேனா மட்டும் கேட்டார்.

இரண்டு கையெழுத்தும் விழுந்ததும் நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க பேச்சு எப்போ மேடம்? இருந்து கேட்டுட்டுப் போறேன்."

"அது முடிஞ்சிடுச்சுக்கா. நீங்க ஓடுங்க, ஆபீஸை பூட்டிடப் போறாங்க."